கம்பைல் செய்யும்போது உள்ளே என்ன நடக்கிறது?

"கம்பைல் ஆகமாட்டேன் என்கிறது" என்று லேபில் ஒரு மாணவர் சொன்னால், நான்கு தனித்தனி வேலைகளில் ஏதோ ஒன்று நின்றுபோயிருக்கிறது என்று அர்த்தம். எது நின்றது என்று தெரிந்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். தெரியாவிட்டால், எங்கோ இருக்கும் பிழைக்காக வேறெங்கோ இருக்கும் வரியை மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருப்போம்.

இந்த அத்தியாயம் முழுக்க ஜிசிசி கம்பைலரையே எடுத்துக்கொள்கிறேன். 1987-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதல் பதிப்பை வெளியிட்டதிலிருந்து இன்றுவரை வளர்ந்துவருகிறது. லினக்ஸில் இலவசமாகக் கிடைக்கிறது. நமக்கு முக்கியமான காரணம் வேறு. வேலையின் நடுவில் நிறுத்தி, "இதுவரை செய்ததைக் காட்டு" என்று கேட்டால் அது காட்டும். படிப்பவர்கள் கணினியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்தையும் நிறுத்திப் பார்த்தபடியே படியுங்கள்.

மாதிரிக்கு ஒரு சிறு ஃபங்ஷன் போதும். ஒரு பேனாவின் விலையை வாங்கிக்கொண்டு, ஒரு டஜனுக்கான தொகையோடு பைக்கு 5 ரூபாய் சேர்த்துத் திருப்பித் தருகிறது. அதில் வேலை செய்யும் வரி இது:

மொத்தம் = விலை * 12 + 5;

விலை, மொத்தம் இரண்டும் முழு எண் மாறிகள். சி மொழியில் மாறிக்குத் தமிழில் பெயர் வைக்கலாமா என்றால், வைக்கலாம். 2020-ல் வந்த ஜிசிசி 10-ஆம் பதிப்பு முதல் யூனிகோட் எழுத்துகளை அப்படியே பெயராக எழுத முடிகிறது. அதில் ஒரு கண்ணியும் இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், அது வரும் இடம் இருக்கிறது.

முதல் வேலை: ப்ரீபிராசசர்

ஹாஷ் குறியோடு தொடங்கும் வரிகளைக் கவனிப்பதுதான் ப்ரீபிராசசரின் முக்கியப் பொறுப்பு. 'இன்க்ளூட்' என்று கண்டால் அந்த ஹெடர் கோப்பை முழுசாகக் கொண்டுவந்து அங்கே ஒட்டும். 'டிஃபைன்' என்று கண்டால் ஒரு சொல்லுக்குப் பதில் இன்னொன்றை எழுதும். கமென்டுகளை நீக்கும். சி மொழியின் இலக்கணம் அதற்குத் தெரியாது.

ஜிசிசி கட்டளையில் மைனஸ் குறியுடன் பெரிய எழுத்து 'இ' சேர்த்து ஓட்டினால் இந்தக் கட்டத்தோடு நின்றுவிடும். ஐந்து வரி நிரல் பல நூறு வரிகளாகத் திரையில் ஓடும். பயப்பட வேண்டாம், எஸ்டிடிஐஓ ஹெடருக்குள் இருந்த அறிவிப்புகள்தான் அவை. கடைசிக்கு வந்தால், இன்க்ளூட் வரி தவிர உங்கள் மற்ற வரிகள் அப்படியே இருக்கும்.

இலக்கணம் தெரியாமல் சொல்லை மட்டும் மாற்றுவதால் வரும் வினையையும் இங்கேயே பார்த்துவிடலாம். டிஃபைன் வரியில் இருமடங்கு(எண்) என்பதற்கு எண் + எண் என்று எழுதிவிட்டு, கீழே 3 * இருமடங்கு(4) என்று கேளுங்கள். 24 வரவேண்டும், 16 வரும். ப்ரீபிராசசர் எழுதிக் கொடுத்தது 3 * 4 + 4 என்று. டிஃபைனில் கணக்கு எழுதினால் மாறிக்கு ஓர் அடைப்புக்குறி, மொத்தத்துக்கு ஓர் அடைப்புக்குறி என்று போட்டுவிடுவதே வழக்கம். முடிந்தால் அந்த வேலைக்கு டிஃபைனையே விட்டுவிட்டு ஃபங்ஷன் எழுதுங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

இரண்டாவது வேலை: கம்பைலர்

உண்மையான மொழிபெயர்ப்பு இங்கேதான். இதற்குள்ளும் பல படிகள் உண்டு.

முதலில், கோப்பில் இருப்பது வெறும் எழுத்து வரிசை. அதைச் சொற்களாகப் பிரிக்க வேண்டும். சேர்ந்திருக்கும் செய்யுளைப் பதம் பிரித்துப் படிப்பதுபோல. நம் வரி எட்டு டோக்கன்களாகப் பிரியும்: மொத்தம், சமக்குறி, விலை, பெருக்கல் குறி, 12, கூட்டல் குறி, 5, அரைப்புள்ளி. நடுவில் எத்தனை இடைவெளி விட்டாலும், விடாவிட்டாலும் இந்த எட்டுதான். பிரிக்கும்போது கம்பைலர் பின்பற்றும் விதி எளிது: இடமிருந்து போகும்போது எவ்வளவு நீளமான டோக்கன் கிடைக்குமோ அதை எடுத்துக்கொள். க+++ங என்று எழுதினால் முதல் இரண்டு கூட்டல் குறியும் ஒரே டோக்கனாகி, க-வை ஒன்று உயர்த்தும் குறியாகிவிடும். மிச்சமிருக்கும் ஒன்றுதான் கூட்டல்.

இப்போது அந்தக் கண்ணி. 'மொத்தம்' என்ற பெயரின் முதல் எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். மகரத்தோடு ஒகரக் குறியை ஒரே யூனிகோட் எண்ணாகச் சேர்ப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனி எண்களாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒரு விசைப்பலகை மென்பொருளில் மாறியை அறிவித்து, வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய பெயரால் அதைப் பயன்படுத்தினால், ஜிசிசிக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். "அறிவிக்கப்படாத மாறி" என்று பிழை காட்டும். நீங்கள் கண்ணை எவ்வளவு கசக்கிப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. பிரித்துச் சேமித்த பெயரைப் பார்த்தால் ஜிசிசி தனியாக ஓர் எச்சரிக்கையும் தரும். அதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். பைத்தான் 3 இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கிவிட்டுத்தான் ஒப்பிடும் என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

டோக்கன்கள் கிடைத்ததும் பார்சர் அவற்றை ஒரு மரமாக அடுக்குகிறது. நம் வரிக்கு உச்சியில் சமக்குறி. அதன் இடக்கிளையில் மொத்தம். வலக்கிளையில் கூட்டல் குறி. அந்தக் கூட்டலின் ஒரு பக்கம் 5, மறுபக்கம் பெருக்கல் குறி. பெருக்கலின் கீழே விலையும் 12-ம். கணக்கு எப்போதும் அடியிலிருந்து மேலே வரும். பெருக்கலை முதலில் செய், கூட்டலைப் பிறகு செய் என்ற பள்ளிக்கூட விதி, இந்த மரத்தில் பெருக்கல் கீழே உட்கார்ந்திருப்பதாலேயே நிறைவேறிவிடுகிறது. அடைப்புக்குறிக்கும் அதன்பிறகு வேலை இல்லை. மரத்தின் வடிவத்தை முடிவுசெய்ததோடு அது காணாமல் போய்விடும்.

மரம் கட்ட முடியாமல் போனால் வருவது "எக்ஸ்பெக்டட்" என்று தொடங்கும் செய்தி. ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளியை விட்டுவிட்டால், பார்சர் அடுத்த வரியின் முதல் சொல்லைப் படித்த பிறகுதான் சிக்கலை உணரும். அதனால்தான் பழைய பதிப்புகள் அடுத்த வரி எண்ணைக் காட்டின. இப்போதைய பதிப்புகள் முந்தைய வரியின் கடைசியையே சுட்டுகின்றன. எப்படியிருந்தாலும், சொன்ன வரியில் குற்றம் தெரியாவிட்டால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள். முப்பது பிழை காட்டினாலும் முதல் பிழையை மட்டும் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முதல் பிழையில் தடம் மாறிய பார்சர் சொல்லும் மற்றவற்றில் பெரும்பகுதி தானாகவே மறைந்துவிடும்.

மரம் சரியாக இருந்தாலும் பொருள் சரியாக இருக்க வேண்டுமே. விலை என்ற மாறி அறிவிக்கப்பட்டதா, எந்த வகை, அதைப் பெருக்க முடியுமா என்பதெல்லாம் அடுத்த சோதனை. "அன்டிக்ளேர்ட்" என்ற செய்தி இங்கிருந்து வருகிறது. எல்லாவற்றையும் இந்தச் சோதனை பிடித்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது. முழு எண் மாறியில் 12.5 என்று போட்டால் சி மொழி அரையை வெட்டிவிட்டு 12-ஐ வைத்துக்கொள்ளும். மைனஸ் 'வால்' என்ற எச்சரிக்கைத் தொகுதியைப் போட்டிருந்தால்கூட ஜிசிசி இதற்கு வாய் திறக்காது. மைனஸ் 'டபிள்யூகன்வர்ஷன்' என்று தனியாகக் கேட்க வேண்டும். பணக் கணக்கு எழுதுபவர்கள் இதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரை நடந்தது சி மொழியைப் பற்றிய வேலை. இதற்குப் பிறகு சி மொழி இல்லை. மரம், எந்த மொழிக்கும் எந்தச் சிப்புக்கும் சேராத ஓர் இடைவடிவமாக மாறுகிறது. ஜிசிசியில் அதற்கு ஜிம்ப்பிள் என்று பெயர். கிறிஸ் லாட்னர் 2000-ல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய எல்எல்விஎம் இதற்கென்று தனி இடைமொழி வைத்திருக்கிறது. கிளாங், ரஸ்ட், ஸ்விஃப்ட் எல்லாம் அதன் வழியாகத்தான் போகின்றன. இதனால் கிடைக்கும் லாபம் பெரிது. ஐந்து மொழிக்கும் ஆறு சிப்புக்கும் முப்பது கம்பைலர் எழுத வேண்டியதில்லை. ஐந்து முன்பகுதியும் ஆறு பின்பகுதியும் எழுதினால் போதும். சென்னை ஐஐடியில் உருவான சக்தி பிராசசர் பின்பற்றுவது ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதி. 2017-ல் வந்த ஜிசிசி 7-ல் அந்தத் தொகுதிக்கான பின்பகுதி சேர்ந்தது. அதற்காக சி மொழியைப் படிக்கும் முன்பகுதியை யாரும் புதிதாக எழுதவில்லை.

பெருக்கல் எங்கே போனது?

இடைவடிவத்தில்தான் மேம்படுத்தல் நடக்கிறது. 60 * 60 * 24 என்று எழுதியிருந்தால் கம்பைலரே பெருக்கி 86400 என்று வைத்துவிடும். எந்த வழியாகவும் போய்ச்சேர முடியாத வரிகளை நீக்கிவிடும். சிறு ஃபங்ஷனை அழைக்கும் இடத்திலேயே விரித்து எழுதிவிடும். இவற்றைப் பட்டியல் போட்டுப் படிப்பதைவிட, நம் வரிக்கு என்ன ஆனது என்று ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது.

மைனஸ் பெரிய 'ஓ' 2 என்று மேம்படுத்தலைக் கேட்டு, மைனஸ் பெரிய 'எஸ்' சேர்த்து ஓட்டுங்கள். டாட் எஸ் என்று முடியும் அசெம்ப்ளி கோப்பு கிடைக்கும். இன்டெல், ஏஎம்டி கணினிகளில் நம் ஃபங்ஷனின் உடல் மூன்றே ஆணை. தேடிப் பாருங்கள், பெருக்கல் ஆணை இருக்காது. முதல் ஆணை, விலையோடு விலையின் இருமடங்கைக் கூட்டுகிறது. இரண்டாவது, வந்ததை நான்கு மடங்காக்கி 5 சேர்க்கிறது. மூன்றாவது, அழைத்த இடத்துக்குத் திரும்புகிறது. விலை 40 என்றால் முதலில் 120, பிறகு 480, அதோடு 485. முகவரி கணக்கிடுவதற்காகச் சிப்பில் வைத்த 'லீ' என்ற ஆணையை, கம்பைலர் இப்படிக் கணக்குக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. அண்மைக் கால இன்டெல் சிப்களில் பெருக்கல் ஆணைக்குப் பொதுவாக மூன்று சுழற்சி ஆகும். இப்படிப்பட்ட 'லீ' பெரும்பாலும் ஒன்றில் முடியும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மொத்தம் என்ற மாறிக்கு நினைவகத்தில் இடமே ஒதுக்கப்படவில்லை. சிப்புக்குள் இருக்கும் பதினாறு பொது ரெஜிஸ்டர்களில் ஒன்றில் கணக்கு பிறந்து, அதிலேயே திரும்பிப் போய்விடுகிறது. டிபக்கரில் ஒரு மாறியைக் கேட்டால் "ஆப்டிமைஸ்ட் அவுட்" என்று சில சமயம் சொல்வது இதனால்தான். பிழை தேடும்போது மேம்படுத்தலை நிறுத்தி, மைனஸ் 'ஜி' சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். அப்போது ஒவ்வொரு மாறியும் நினைவகத்தில் தன் இடத்தில் இருக்கும்; ஆணைகளின் எண்ணிக்கையும் மூன்று நான்கு மடங்காகும்.

மேம்படுத்தும் இந்தத் திறமை இல்லாமல் கம்பைலர் என்ற பொருளே நிலைத்திருக்காது என்று நினைக்கிறேன். ஐபிஎம் நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையில் உருவான ஃபோர்ட்ரான் கம்பைலர் 1957-ல் ஐபிஎம் 704 கணினிக்கு வந்தபோது, கைப்பட அசெம்ப்ளி எழுதியவர்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். இயந்திர நேரம் அவ்வளவு விலை. தங்கள் கைவேலைக்கு ஈடாக ஓட வேண்டும், இல்லையென்றால் யாரும் தொடமாட்டார்கள் என்பது பேக்கஸ் குழுவுக்குத் தெரிந்திருந்தது. அதனால் மூன்று ஆண்டு உழைப்பில் பெரும்பங்கை மேம்படுத்தலுக்கே கொடுத்தார்கள். அது எழுதித் தந்த ஆணைகளைப் பார்த்து, சில இடங்களில் அதை உருவாக்கியவர்களே வியந்தார்கள்.

மூன்றாவது வேலை: அசெம்ப்ளர்

இது சுருக்கமான வேலை. அசெம்ப்ளியில் சொற்களாக இருக்கும் ஆணைகளை எண்களாக்கி, டாட் ஓ கோப்பில் எழுதுகிறது. நம் மூன்று ஆணைகளும் மொத்தம் 11 பைட். முதல் ஆணை 141, 4, 127. இரண்டாவது 141, 4, 133, 5, 0, 0, 0. மூன்றாவது 195. இரண்டாவதில் இருக்கும் அந்த 5, நீங்கள் பைக்காகச் சேர்த்த 5 ரூபாய்தான். உபுண்டுவில் பார்த்தால் இவற்றுக்கு முன் நான்கு பைட் கூடுதலாக இருக்கும். அது பாதுகாப்புக்காகத் தானாகச் சேர்க்கப்படும் ஆணை. பைட்டுகளைப் பார்க்க 'ஆப்ஜ்டம்ப்' என்ற கருவி போதும். அது பதினாறடிமான எண்ணில் காட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

நான்காவது வேலை: லிங்கர்

பிரின்ட்எஃப் என்று எழுதுகிறோம். அதன் உடலை நாம் எழுதவில்லை. டாட் ஓ கோப்பில் அந்த இடம் காலியாக, "இந்தப் பெயருக்கு உரியவரைக் கண்டுபிடித்து நிரப்பு" என்ற குறிப்போடு இருக்கிறது. உங்கள் டாட் ஓ கோப்புகளையும் நூலகங்களையும் சேர்த்துக் கட்டி, இந்தக் காலியிடங்களை நிரப்புவது லிங்கர். ஆள் கிடைக்காவிட்டால் "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" என்று சொல்லும். இந்தச் சொற்கள் வந்தால் உங்கள் இலக்கணத்தில் குறை தேடாதீர்கள். கம்பைலர் தன் வேலையை முடித்துவிட்டது. ஏதோ ஒரு கோப்போ நூலகமோ விடுபட்டிருக்கிறது, அல்லது பெயரில் எழுத்துப்பிழை.

வர்க்கமூலம் காணும் எஸ்கியூஆர்டி இதற்கு நல்ல பாடம். லினக்ஸில் அது கணித நூலகத்தில் இருக்கிறது. கட்டளையின் கடைசியில் மைனஸ் 'எல்எம்' சேர்த்தால்தான் லிங்கர் அதைத் தேடும். ஆனால் எஸ்கியூஆர்டி(2.0) என்று நேரடியாக எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். நூலகம் சேர்க்காமலேயே ஓடும். எண் முன்கூட்டியே தெரிவதால் கம்பைலரே கணக்கிட்டு விடையை எழுதிவிட்டது. லிங்கருக்குத் தேட ஒன்றும் இல்லை. எண்ணுக்குப் பதில் பயனரிடம் வாங்கிய மாறியைக் கொடுத்த மறு நொடி "அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்" வந்து நிற்கும். நேற்று ஓடிய நிரல் இன்று ஏன் ஓடவில்லை என்று மாணவர்கள் தவிக்கும் இடம் இது.

ஒரே தவறு பதிப்பைப் பொறுத்து வேறு கட்டத்தில் பிடிபடுவதும் உண்டு. பிரின்ட்எஃப் பெயரில் இரண்டு எழுத்தை மாற்றிப்போட்டால், பழைய ஜிசிசி ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடும், லிங்கரில்தான் நிற்கும். 2024-ல் வந்த 14-ஆம் பதிப்பு, அறிவிக்கப்படாத ஃபங்ஷனை அழைத்தால் கம்பைலரிலேயே பிழையாக நிறுத்திவிடுகிறது. கல்லூரிக் கணினியில் ஒரு செய்தி, வீட்டுக் கணினியில் வேறு செய்தி என்றால் முதலில் பதிப்பு எண்ணைப் பாருங்கள்.

கம்பைலர் எதற்குப் பொறுப்பு, எதற்கு இல்லை

நீங்கள் எழுதிய வரிகளை ஒவ்வொன்றாகக் காப்பாற்றுவதாகக் கம்பைலர் எங்கும் சொல்லவில்லை. மொழியின் தர விதிப்படி உங்கள் நிரலுக்கு என்ன பொருளோ, அந்தப் பொருளை மட்டும் காப்பாற்றும். தர விதி பொருளே சொல்லாத ஒன்றை நீங்கள் எழுதியிருந்தால், அங்கே அதற்கு எந்தக் கடமையும் இல்லை. சி மொழி எழுதும் ஒவ்வொருவரும் இதை உள்வாங்கிக்கொண்டே தீர வேண்டும் என்பதால்தான் இந்தப் பகுதியைக் கடைசியில் வைத்தேன்.

32 பிட் முழு எண் மாறியில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. அதோடு ஒன்று கூட்டினால் என்ன ஆகும்? சிப்பைக் கேட்டால் சுற்றிக்கொண்டு எதிர்மறை எண்ணாகிவிடும் என்று சொல்லும். சி மொழியின் தர விதியோ, குறியுள்ள முழு எண்ணில் அப்படி நடக்கக் கூடாது, நடந்தால் பொருள் இல்லை என்கிறது. எனவே "விலை + 1 < விலை" என்று எழுதி எண் நிரம்பி வழிந்ததைச் சோதித்தால், மேம்படுத்தல் போட்ட ஜிசிசி அந்தச் சோதனையையே நீக்கிவிடும். ஒன்று கூட்டியது எப்படிக் குறையும், இது ஒருபோதும் உண்மையாகாது என்பது அதன் வாதம். நீங்கள் பாதுகாப்புக்காக எழுதிய வரி, ஓடும் நிரலில் இருக்காது.

லினக்ஸ் கர்னலிலேயே இப்படி நடந்தது. 2009-ல் 'டன்' என்ற நெட்வொர்க் டிரைவரில், ஒரு பாயின்டர் வழியாக முதலில் ஒரு மதிப்பைப் படித்துவிட்டு, அடுத்த வரியில்தான் அந்தப் பாயின்டர் வெறுமையா என்று சோதித்திருந்தார்கள். வெறுமையான பாயின்டர் வழியாகப் படிப்பதற்குத் தர விதியில் பொருள் இல்லை. ஏற்கெனவே படித்தாயிற்று, ஆகவே அது வெறுமையாக இருக்க வழியில்லை என்று ஜிசிசி முடிவுகட்டி, சோதனையை நீக்கியது. சாதாரணப் பிழையாக இருந்தது, கணினியைக் கைப்பற்றும் ஓட்டையானது. வரிகளின் வரிசையைத் திருத்தியதோடு, இப்படிப்பட்ட சோதனைகளை நீக்காதே என்ற கட்டளையையும் சேர்த்துத்தான் அதன்பிறகு கர்னலைக் கம்பைல் செய்கிறார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது: கற்கும் காலத்தில் மைனஸ் 'வால்', மைனஸ் 'டபிள்யூஎக்ஸ்ட்ரா' இரண்டையும் எப்போதும் போடுங்கள். அதோடு மைனஸ் 'எஃப்சானிடைஸ்' சமக்குறி 'அன்டிஃபைன்ட்' என்பதையும் சேருங்கள். பொருளற்ற கணக்கு நடந்த நொடியில், எந்த வரியில் என்று ஓடும் நிரலே சொல்லும். நிரம்பி வழிவதைச் சோதிப்பதானால் கூட்டுவதற்கு முன்பே சோதியுங்கள். நம் ஃபங்ஷனில் விலை என்பது, 2147483647-லிருந்து 5-ஐக் கழித்து 12-ஆல் வகுத்தால் வரும் 178956970-ஐத் தாண்டக் கூடாது. அந்த ஒப்பீட்டைப் பெருக்கல் வரிக்கு மேலே எழுதுங்கள். அதை நீக்குவதற்கு எந்தக் கம்பைலருக்கும் காரணம் கிடைக்காது.